பாடை எண்ணிய ராஜா

முன்னொரு காலத்திலே கொன்றையூர்ச் சீமையைத் துடியவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சும்மா சொல்கிறேன். ஒரு இடத்தில் உட்கார்ந்தால்தானே ஆள்வதற்கு! சிம்மாசனத்தில் இருந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சமயம் அவனுடைய ஒரே மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. எந்த வைத்தியரிடம் காட்டுவது என்று தெரியாமல் மனுஷன் தவியாய்த் தவித்தான்.

அரண்மனை வைத்தியர் அனந்த பண்டிதர் தன்னைக் கைராசிக்காரர் என்று சொல்லிக்கொள்வார். ஜனங்களோ தெற்குத் தெரு வைத்தியக்காரி சிலம்பாயியைத் தேடிப் போனார்கள். அந்த வயிற்றெரிச்சலில் பண்டிதர் ஒரு யோசனை சொன்னார்: இந்த வருஷம் யார் வீட்டிலிருந்து எத்தனை பாடை கிளம்பியது என்று எண்ணினால் போயிற்று. காவலர்கள் விசாரித்து வந்தார்கள். சிலம்பாயி வீட்டிலிருந்து பத்தொன்பது. பண்டிதர் வீட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை.

ராஜா துள்ளி எழுந்தான். பொழுது சாய்வதற்குள் சிலம்பாயி நாட்டை விட்டுப் போகவேண்டும், மகளைப் பண்டிதர் பார்க்கட்டும் என்றான். மந்திரி நாவலர்கோன் குறுக்கே வந்தார்.

"ஒரு நாழிகை பொறுங்கள், பிரபு. கணக்கைச் சரிபார்க்க ஒரு நோயாளி வேண்டும். அது நீங்களாக இருக்கவேண்டும்."

ராஜாவைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, தலையோடு கால் போர்த்தி, பண்டிதர் வாசலில் இறக்கினார்கள். நாடி விழுந்துவிட்டது, பிழைப்பது கஷ்டம் என்று மாறுவேடத்தில் மந்திரி அழுதார். பண்டிதர் படி இறங்கவே இல்லை.

"சிலம்பாயி வீட்டுக்குத் தூக்கிப்போ. சாகிறவன் அங்கே போய்ச் சாகட்டும்."

போர்வைக்குள் ராஜாவின் கால் ஆட்டம் நின்றது.

கட்டில் அங்கே போனபோது, ராஜ கட்டளையைக் கேட்டுச் சிலம்பாயி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலைக் கண்டதும் மூட்டையைப் போட்டுவிட்டுப் போர்வைக்குள் கைவிட்டு நாடி பிடித்தாள். இவருக்கு நோயில்லை, சோறு தூக்கமில்லாத கவலைதான், வீட்டில் பிள்ளைக்கு முடியவில்லையா என்று கேட்டாள். ராஜா போர்வையை உதறிவிட்டு ஓடினான். தானே மகளைத் தோளில் சுமந்து வந்தான். இரண்டாம் நாள் குழந்தை கஞ்சி கேட்டது.

பிறகு சபை கூடியது. அந்தப் பத்தொன்பது பேரில் பதினாறு பேர் பண்டிதர் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்று மந்திரி சொன்னார்.

"மிச்சம் மூன்று?" என்று ராஜா கேட்டான்.

"அது என் தப்பு, பிரபு. மூன்று பேர் பேரும் எனக்கு மறக்கவில்லை," என்றாள் சிலம்பாயி. அவள் கண் கலங்கியிருந்தது.

ராஜா அவளை அரண்மனை வைத்தியராக்கினான். அவள் வீட்டுக்கு வரும் கட்டில்களை இறக்கி வைக்கிற வேலையைப் பண்டிதருக்குக் கொடுத்தான்.

"உம்முடையது ராசியான கைதான், பண்டிதரே. சாகக் கிடந்த ஒருத்தரையும் அது தொட்டதில்லை. இனித் தொடட்டும்."