பவளம் அழித்த மணல்

ஆற்றுத்துறைச் சுங்கச்சாவடியில் மருதையன் குத்திப் பார்க்காமல் ஒரு மூட்டையும் கடந்து போனதில்லை. கையில் எப்போதும் குத்தூசி இருக்கும். வண்டிக்காரன் நெல் என்றால் குத்திப் பார்ப்பார். உப்பு என்றால் குத்தி நாக்கிலும் வைத்துப் பார்ப்பார். கேட்காமலே சிரிக்கிறவன் மூட்டைக்குக் கூடுதலாக ஒரு குத்து விழும்.

அன்று காலை மடத்து வாசலில் ஒரு மாட்டுவண்டியை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வந்தார். வண்டியில் துணிப்பெட்டி ஒன்று இருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு அவருடைய சிறுமகள் பவளம் உட்கார்ந்திருந்தாள்.

மடத்தில் குருவாக இருந்தவர் நீலாம்பிகை அம்மை. மருதையனைவிட இளையவர். ஆனாலும் மருதையன் அவரைத் தாயே என்றுதான் கூப்பிடுவார்.

“தாயே, பவளத்தை அத்திக்குளத்து வாத்தியாரிடம் விடப் போகிறேன். ஆசி வேண்டும்.”

“காலில் கட்டை பூட்டிப் பாடம் சொல்கிறவரா?”

“அவரேதான். இவள் என்னை ஏமாற்றுகிறாள், தாயே.”

“எப்படிக் கண்டீர்?”

மருதையன் குரலைத் தாழ்த்தினார். “வாயால் கணக்குக் கேட்டால் பட்டென்று சொல்கிறாள். கேட்ட பாட்டு ஒன்றுகூட மறப்பதில்லை. மணலில் எழுதச் சொன்னால் மட்டும் எழுத்து தலைகீழாக விழுகிறது. நேற்று வந்த எழுத்து இன்று வரவில்லையாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? பாடம் என்றாலே வயிற்றுவலி வேறு. விளையாடப் போனால் வலி பறந்துவிடும்.”

“இன்னும் ஏதாவது?”

“அதுதான் முக்கியம். தனியாக உட்கார்ந்து எழுதுவாள். நான் சத்தமில்லாமல் பின்னால் போவேன். எப்படியோ தெரிந்துகொண்டு, மணலை அழித்துவிடுவாள். ஏன் அழிக்க வேண்டும்? மூடுகிறவன் மூட்டையில் சரக்கு இருக்கும், தாயே. முப்பது வருடமாகப் பார்க்கிறேன். அவள் எதை ஒளிக்கிறாள், அதை மட்டும் சொல்லுங்கள்.”

அம்மை வாசலைப் பார்த்தார். “பவளம், தொழுவத்தில் கன்றுக்குட்டி இருக்கிறது. புல் போட்டுவிட்டு வா.”

பெண் இறங்கி ஓடினாள். வயிற்றைப் பிடித்தபடியே ஓடினாள். நான் பார்க்கிறேன் என்றுதான் பிடிக்கிறாள் என்று மருதையன் நினைத்துக்கொண்டார்.

அம்மை உள்ளே போய் மணல் பரப்பிய ஒரு தட்டு, ஒரு முறம், சுவரில் தொங்கிய கண்ணாடி மூன்றையும் எடுத்து வந்தார். தட்டை மருதையன் முன்னால் வைத்தார். தட்டுக்கு அப்பால் கண்ணாடியை நிறுத்தினார். மருதையனின் கண்ணுக்கு அவருடைய கை நேராகத் தெரியாதபடி தட்டுக்கு மேலே முறத்தைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணாடியில் உம் விரல் தெரிகிறதா?”

“தெரிகிறது.”

“கண்ணாடியை மட்டும் பார்த்து உம் மகள் பெயரை எழுதும்.”

இதில் என்ன சூது என்று மருதையன் யோசித்தார். ஒன்றும் தென்படவில்லை. பவளம் என்பதற்கு முதல் எழுத்து ப. கீழ்நோக்கி ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, மேல்நோக்கி ஒரு கோடு. அவ்வளவுதானே.

விரலைக் கீழே இழுத்தார். கண்ணாடியில் அது மேலே போனது. திருத்தினார். கோணிக்கொண்டு இன்னும் மேலே போனது. பக்கத்துக் கோட்டில் கை நின்றுவிட்டது. எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியவில்லை.

“இந்தக் கண்ணாடியில் ஏதோ கோளாறு, தாயே.”

“இன்று காலை இதைப் பார்த்துத்தான் திருநீறு பூசினேன். நெற்றியில்தான் விழுந்தது.”

“மணல் ஈரமாக இருக்கிறது.”

“சாக்குச் சொல்கிறீர்.”

மறுபடி முயன்றார். நெற்றியில் வேர்த்தது. ப என்று நினைத்து அவர் இழுத்தது நண்டு நடந்த தடம் மாதிரி இருந்தது.

“சாவடியில் நாள் முழுவதும் எழுதுகிறவர்தானே நீர்? நேற்று வந்த எழுத்து இன்று எங்கே போயிற்று?”

“கொஞ்சம் பொறுங்கள், தாயே.”

“கவனம் இல்லை. மனசு வைத்தால் வரும்.”

“வைத்துக்கொண்டுதானே இருக்கிறேன்!”

“பார்த்தால் நடிப்பு மாதிரி இருக்கிறது.”

மருதையன் முகம் சிவந்தது. கழுத்தோரம் மூச்சு படுகிற அளவுக்கு அம்மை நெருங்கிக் குனிந்து பார்த்தார். அடிவயிற்றில் என்னவோ இறுகிப் பிடித்தது. பெண்ணும் இந்த அம்மையும் முன்பே பேசி வைத்திருப்பார்களோ என்றுகூட ஓடியது மனசு.

அப்போது தொழுவத்துப் பக்கமிருந்து கொலுசுச் சத்தம் கேட்டது.

மருதையன் முறத்தைத் தள்ளினார். உள்ளங்கையால் மணலை ஒரே வீச்சில் வழித்து மட்டமாக்கினார். பவளம் வந்து நின்றபோது தட்டில் ஒன்றும் இல்லை.

அம்மை முறத்தை விடவில்லை. “சுங்கக்காரரே, இதில் என்ன சரக்கு இருந்தது?”

பவளம் தட்டைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள். கிட்டே வந்து மெல்லக் கேட்டாள்.

“அப்பா, உங்களுக்கும் வயிறு வலிக்குதா?”

மருதையன் மகளின் முகத்தைப் பார்த்தார். கேலி இருக்கிறதா என்று தேடினார். வழக்கம் விடவில்லை. வெகுநேரம் தேடினார்.

“ஆமாம்மா,” என்றார் கடைசியில்.

“கொஞ்ச நேரம் குப்புறப் படுத்தா சரியாயிடும்ப்பா. எனக்கு அப்படித்தான்.”

வாசலில் வண்டிக்காரன் குரல் கொடுத்தான். “ஐயா, வெயில் ஏறுது. மாடு தாங்காது. கிளம்பலாமா?”

மருதையன் எழுந்து வாசல்வரை போனார். வண்டியின் மேலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பெட்டியை இறக்கு.”

“அப்ப அத்திக்குளம்?”

“இறக்குடா என்றால் இறக்கு.”

திரும்பி வந்தார். பவளம் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் இன்னும் பயம் தெளியவில்லை. பெட்டியை இறக்கியதில் வேறு ஏதாவது சூது இருக்குமோ என்று பார்ப்பது போல அப்பாவையே பார்த்தாள். அந்தப் பார்வை மருதையனுக்குத் தெரிந்த பார்வைதான். சாவடியில் தினமும் மூட்டைகளை அவர் பார்க்கிற பார்வை.

“தாயே, நான் இவளை அனுப்பாவிட்டால் இவளுக்கு எழுத்து வந்துவிடுமா?”

“தெரியாது.”

“எவ்வளவு காலம் ஆகும்?”

“அதுவும் தெரியாது.”

“அப்படியானால் நான் என்னதான் செய்ய?”

அம்மை முறத்தைப் பவளத்தின் கையில் கொடுத்தார்.

“எனக்குக் கை வலிக்கிறது. இனிமேல் அவள் பிடிக்கட்டும். நீர் எழுதும்.”