பவளத்துக்குக் கட்டிய காப்பு

இந்தக் கதையில் குரு சின்னவள், சீடர் பெரியவர். மதுரை கீழவாசல் பக்கம் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் அங்காளேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற செவந்திலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர்தான் அவளைக் குருவே என்று கூப்பிடுவார். முதலில் கேலிக்குச் சொன்னதுதான். போகப் போக அதுவே நிலைத்துவிட்டது. அவள் அவரை சார் என்பாள்.

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். ஊரும் அறியாது போலிருக்கிறது. கடலே இல்லாத மதுரையில் வீட்டுக்குள் ஒரு சின்னக் கடல்தொட்டி வைக்க வேண்டும் என்று அந்த மனிதர் வந்து நின்றார். உப்பைக் கரைத்துக் கடல்தண்ணீர் செய்யக் கற்றுக்கொண்டார். தொட்டி தெளிந்து பதம் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். எல்லாம் மகளுக்காக.

மகள் சுகந்தி தை மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து, புருஷன் வீட்டிலிருந்து, ஒற்றைப் பையோடு வந்து இறங்கியிருந்தாள். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. தாயில்லாத வீடு. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தின்றும் தின்னாமலும் எழுந்து போவாள், அறைக் கதவு சாத்திக்கொள்ளும்.

சின்ன வயதில் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அங்கிருந்த மீன்தொட்டி முன்னால் நின்று வலியையே மறந்துவிடுவாள். அது ஞாபகம் வந்துதான் கூடத்தில் தொட்டியை வைத்தார். அவருக்கு வேண்டியது வேறொன்றுமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே அன்றைக்கு நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டுவாளே, அந்தச் சுகந்தி வேண்டும். அந்தச் சத்தத்துக்கு அவர் காது ஏங்கிக் கிடந்தது.

அங்காளேஸ்வரி ஒரு காளான் பவளம் கொடுத்தாள். கல்லில் ஒட்டிய குட்டிக் காளான் மாதிரி இருக்கும். தோல்போல மெத்தென்ற உடம்பு. பிடித்துப்போன இடத்தில் அதன் தலையெல்லாம் குட்டிக் குட்டிப் பூவாக விரிந்து தண்ணீரோடு ஆடும் என்றாள். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்க்க வேண்டும். வெளிச்சம் அதிகம் படாத இடமாகப் பார்த்து அடியில் வைக்க வேண்டும். தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கை வைக்கக் கூடாது. பாடம் அவ்வளவுதான்.

செவந்திலிங்கம் முதல் மூன்றையும் அட்சரம் பிசகாமல் செய்தார். நாலாவதுதான் முடியவில்லை. வாழ்நாளெல்லாம் எங்கே பழுது என்று தேடிப் பிடித்துச் சரிசெய்த கை. சும்மா இரு என்றால் இருக்குமா? பவளம் விரியவில்லை என்றதும், வெளிச்சம் போதவில்லையோ என்று மேலே தூக்கி வைத்தார். அடுத்த நாள், தண்ணீர் ஓட்டம் போதவில்லையோ என்று பம்புப் பக்கம் நகர்த்தினார். அதற்கடுத்த நாள் திருப்பி வைத்துப் பார்த்தார். அது இன்னும் உடம்பைக் குறுக்கிக்கொண்டது.

மகளுக்குத் தட்டு வைக்கும்போதும் அப்படித்தான். "என்னதாம்மா நடந்துச்சு?" என்பார். அடித்தானா, குடிக்கிறானா, மாமியார் ஏதும் சொன்னாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவள் கை கழுவ எழுந்துவிடுவாள்.

ஒருநாள் பவளத்தின் மேல் மெழுகு பூசினது மாதிரி ஒரு படலம் வந்தது. பூசணம் பிடித்துவிட்டது என்று பதறிப்போய், மனிதர் பழைய பல் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துவிட்டார். பாவம், அது பாதியாகச் சுருங்கிப்போனது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

படத்தைப் பார்த்த அங்காளேஸ்வரி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். பூசணமும் இல்லை, சாவும் இல்லை, அது பழைய தோலை உரிக்கிறது என்றாள். புது இடத்துக்கு வந்த பவளம் அப்படித்தான் மூடிக்கொண்டு கிடக்கும். உள்ளே புதுத் தோல் வந்ததும் பழையதைத் தண்ணீரே கொண்டுபோய்விடும்.

"எப்ப விரியும், குருவே?"

அவள் சாமி படத்தின் கீழே இருந்த மஞ்சள் நூலை எடுத்தாள். அவருடைய வலது கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"காப்புக் கட்டியாச்சு சார். அதுவா விரியிற வரைக்கும் இந்தக் கை தண்ணிக்குள்ள போகக் கூடாது."

செவந்திலிங்கம் ஆடிப்போனார். மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், பங்காளி வீட்டுக் கல்யாணமே ஆனாலும் ஊர் எல்லை தாண்டாத ஆள் அவர். ஆளைத் தெரிந்துதான் கட்டியிருந்தாள்.

வலது கை அடங்கியது. இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்து புதுப் படத்தைக் காட்டினார். அவள் உற்றுப் பார்த்தாள்.

"கல்லு இடம் மாறியிருக்கே சார்."

அவர் கூரையைப் பார்த்தார். வலது கை போகவே இல்லை, சத்தியம் என்றார். அவள் சிரித்துக்கொண்டே இடது கையையும் நீட்டச் சொன்னாள். இடது கையில் பொம்பளைகளுக்குத்தானே கட்டுவார்கள் என்று முனகினார். அதெல்லாம் பவளத்துக்குத் தெரியாது என்று சொல்லிக் கட்டிவிட்டாள்.

இரண்டு கையிலும் காப்பு ஏறியது. வீட்டுச் சங்கதி எல்லாம் அவளுக்குத் தெரியும், அவரே சொல்லி அழுததுதான். இப்போதும் சொன்னார், எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், மகள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று. சொல்லிவிட்டுக் கைகளைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டையும் கட்டிட்ட. இன்னும் என்ன பாக்கி?"

"நாக்கு. அதுக்குக் கட்ட எங்கிட்ட நூல் இல்ல சார்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்குக் கோபம். நேற்றுப் பிறந்த பெண் என்னவெல்லாம் பேசுகிறது என்று பொருமிக்கொண்டே போனார். மத்தியானம் மகளுக்குச் சோறு போட்டார். கேள்வி வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கரண்டி பிடித்த கையில் மஞ்சள் நூல் தெரிந்தது. ரசத்தில் உப்புக் கம்மியா என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றாள். அன்றைக்கு இன்னும் ஒரு கை சோறு வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் உப்பு, புளி, வெயில், பால்காரர் என்று இவற்றைப் பற்றித்தான் பேச்சு. கேட்காமல் இருப்பது லேசான காரியமா? கதவு சாத்தும் ஓசை கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்த் தட்டலாமா என்று கையைத் தூக்குவார். காப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்துகொள்வார். சில நாள் அவர் எழுந்து போனபின் சுகந்தி வந்து அங்கே நிற்பாள். அது அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு காலையில் தெப்பக்குளம் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தார். டீக்கடையில் மிக்ஸி ஓடாததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இன்றைக்கு ஷட்டவுன், சாயங்காலம்தான் கரண்ட் வரும். ஊருக்கெல்லாம் ஷட்டவுன் எடுத்தவர் தன் வீட்டை மறந்துவிட்டார். பம்பு நின்றால் தண்ணீர் நின்றுவிடும், தண்ணீர் நின்றால் உள்ளே இருக்கிற உயிருக்கு மூச்சு முட்டும். ஆட்டோ பிடித்து ஓடிவந்தார்.

கூடத்தில் சுகந்தி ஸ்டூல் போட்டுத் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தாள். டம்ளரால் தண்ணீரை மொண்டு, பவளத்தின் மேல் விழாமல் ஓரமாக, கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றினாள். மறுபடி மொண்டாள். முழங்கை வரை நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக ஊற்றுகிறாளோ.

"தண்ணி நிக்கக் கூடாதுல்லப்பா."

அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். கொண்டா நான் ஊற்றுகிறேன் என்று பாய்ந்திருப்பார். ஆனால் இரண்டு கையிலும் காப்பு. வேறு வழியில்லாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பனையோலை விசிறியை எடுத்து அவளுக்கு வீசினார். அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள், அவர் வீசிக்கொண்டிருந்தார். அந்தப் பழைய சுகந்தி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கேட்டால் இப்போது சொல்வாளோ என்று ஒருகணம் உயிர் துடித்தது. ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் வந்து பம்பு ஓடியதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை.

பவளம் விரிந்ததை அவர் பார்க்கவில்லை. காய்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது, காலையிலேயே விரிஞ்சிருச்சுப்பா என்று சுகந்திதான் சொன்னாள். மெழுகுத் தோலெல்லாம் போய், தலை முழுக்க மெல்லிய பூக்களோடு அது ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனார். இரண்டு கையையும் மேசைமேல் நீட்டினார். அங்காளேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்து இடது கைக் காப்பை அறுத்தாள். வலது கைக்கு வந்தபோது அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"இனிமே அவகிட்டக் கேக்கலாமா, குருவே? கோயம்புத்தூர்ல என்னதான் நடந்துச்சுன்னு?"

கத்தரிக்கோல் நின்றது.

"பவளம் விரிஞ்சதும் தொட்டுப் பாத்தீங்களா சார்?"

"இல்ல."

"காப்பு இருந்துச்சேன்னா?"

அவர் யோசித்தார்.

"காப்பு ஞாபகமே வரல. தொட்டாச் சுருங்கிருமேன்னுதான்."

"அப்ப இந்த நூலுக்கு இனி வேலையில்ல சார்" என்று சொல்லி அங்காளேஸ்வரி அதையும் அறுத்தாள்.

செவந்திலிங்கம் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் தடத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.