திரையின் வலது மூலையில் குடியிருந்த பல்லி

அந்தக் காலத்தில், பல்லிகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோதே சினிமாவும் வந்துவிட்டது. எப்படி என்று கேட்கக் கூடாது, வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மாசாணம் ஒரு தகரக் கொட்டகையில் ஆபரேட்டர். அவனிடம் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்றில் ரீல் முடியும் நேரத்தில் மற்றதை ஓடவிட்டு, வெளிச்சத்தை அதற்கு மாற்ற வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் திரை வெள்ளையாகிவிடும். மாசாணத்துக்கு அந்தக் கவலையே இல்லை. திரையின் வலது மேல் மூலையில் ஒரு பல்லி குடியிருந்தது. எல்லாப் படமும் அதற்குத் தலைகீழ்ப் பாடம். ரீல் முடியப்போகும்போது முதலில், "மாசாணண்ணே, ஓட விடுங்க" என்னும். பிறகு, "மாத்துங்க" என்னும். அவன் மாற்றுவான்.

ஒருநாள் படத்தில் தாய் செத்துக் கிடக்கிறாள், பிள்ளை கதறுகிறது, கொட்டகையே மூக்கைச் சிந்துகிறது. அந்த நேரம் பார்த்துப் பல்லி, "மாத்துங்க" என்றது. சனம் கொல்லென்று சிரித்துவிட்டது. மாசாணத்துக்கு மானம் போயிற்று.

"இனி நீ வாயே திறக்கக் கூடாது. நானே பாத்து மாத்திக்கிடுவேன்" என்றான்.

"மறந்துராதீங்கண்ணே. படம் இல்லாத வெளிச்சம் அப்படியே எம்மேல விழும். கருகிப்போவேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? வாக்குக் குடு."

பல்லி கொடுத்தது.

மறுநாள் அதே படம், அதே சாவு. இத்தனை நாள் பல்லிக்குக் காது கொடுத்தே ஓட்டியவன் ஒரு படத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்து நிமிர்ந்தபோது திரை வெள்ளையாக இருந்தது.

கொட்டகையில் ஒரு விசில்கூடக் கிளம்பவில்லை. மூலையில் பல்லி, வாயை இறுக மூடியபடி, அவன் நின்ற ஜன்னலையே பார்த்துக்கொண்டு கருகிக்கொண்டிருந்தது. மாசாணம் மற்ற மெஷினை ஓடவிடப் பாய்ந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஒரே ஒரு வார்த்தை. அவன் மெஷினை மாற்றியபோது அங்கே ஒரு கறுப்பு வட்டம்தான் மிச்சம் இருந்தது.

பதற்றம் அடங்காமலே ஊசியை எடுத்தான். ஒவ்வொரு ரீலின் கடைசியிலும் அதே மூலையில் வட்டம் கீறினான். பல்லி முதலில் கூப்பிடும் இடத்தில் ஒன்று, அடுத்துக் கூப்பிடும் இடத்தில் இன்னொன்று.

அன்று முதல்தான் பல்லிகள் பேச்சை விட்டுவிட்டு உச்சுக்கொட்டுவதோடு நிறுத்திக்கொண்டன. ரீல் முடியும் நேரத்தில் படத்தின் வலது மூலையில் வட்டம் மின்னி மறைவதும் அன்று முதல்தான். நாம் ஏதோ அழுக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். ஆபரேட்டர் மட்டும், எப்பேர்ப்பட்ட அழுகைப் படமானாலும், துண்டைத் தொடாமல் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.