செண்பகவடிவு வீட்டுத் தேதி

"ஒருத்தர் திரும்பத் திரும்பக் கெடுத்துக்கிட்டே இருந்தா, நாம எத்தனை தடவை சரி பண்ணுறது டீச்சர்?"

சுடலைமுத்து வாசலில் நின்றபடியே கேட்டார். ரெஜினா டீச்சர் ஒரு ஒயரின் முனையைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உள்ள வாங்கண்ணே. முதல்ல உக்காருங்க."

திசையன்விளையில் வீடுகளுக்கு இண்டர்நெட் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. டீச்சர் முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். அந்த வேலையை விட்ட பிறகும் பெயர் அப்படியே நின்றுவிட்டது. சுடலைமுத்து அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கேபிள் டிவிக்குக் கம்பி இழுத்தவர். அந்தத் தொழில் படுத்ததும் டீச்சரிடம் வந்து, "எனக்கும் இதைச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டுச் சேர்ந்தார்.

"யார் வீடு?"

"செண்பகவடிவு அம்மா. தெற்குத் தெரு. அவங்களுக்கு மட்டும் சில வெப்சைட் வரமாட்டேங்குது. பக்கத்து வீட்டுல எல்லாம் வருது. அவங்க போன்லயும் வருது. அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் வரலை."

"காரணம்?"

"தேதி. ரெண்டு வருஷம் பின்னால கிடக்கு. வெப்சைட்காரன் காட்டுற அடையாளச் சீட்டுல இந்த நாள்ல இருந்து செல்லும்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர் அதைப் பாத்துட்டு, இந்த நாளே இன்னும் வரலையேன்னு கதவைச் சாத்திருது. சீட்டு இல்லாத பழைய சைட் மட்டும் திறக்குது."

"சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"தேதியை மாத்தினேன். எல்லாம் வந்துச்சு. ரெண்டு நாள்ல மறுபடியும் போன். போனா தேதி பின்னால கிடக்கு. உள்ள தேதியைக் காக்குற சின்ன பேட்டரி போயிருக்கும்னு புதுசு போட்டேன். இன்னைக்குக் காலையில திரும்பவும் போன். போய்ப் பாத்துட்டு, சரி பண்ணாமலே வந்துட்டேன். பேட்டரி நல்லாத்தான் இருக்கு டீச்சர். அவங்கதான் மாத்துறாங்க. கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்காங்க."

டீச்சர் ஒயரை மேசையில் வைத்தார்.

"வாங்க, போவோம்."

செண்பகவடிவு கதவைத் திறந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாடகை வீடு. ஒரே அறையில் கட்டில், தையல் மிஷின், கம்ப்யூட்டர். சுடலைமுத்துவைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"சார் கோவமாப் போனாங்க. இனி வரமாட்டாங்கன்னு நினைச்சேன்."

"கோவமெல்லாம் இல்லம்மா," என்றார் சுடலைமுத்து, சுவரைப் பார்த்தபடி.

டீச்சர் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இதுல நீங்க என்ன வேலை பாக்கீங்க?"

"மெட்ராஸ் கம்பெனிக்குப் பேச்சைக் கேட்டு டைப் அடிச்சுக் குடுக்கேன். அவங்க சைட்லயேதான் அடிக்கணும். போன்ல முடியாது. காலையில இருந்து திறக்கலை. இன்னைக்கும் குடுக்கலைன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுவோம்னு சொல்லிட்டாங்க."

"வேலை முடிஞ்ச பிறகு?"

செண்பகவடிவு தையல் மிஷின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

"வேலை முடிஞ்ச பிறகு இதை அணைச்சிருவீங்களா?"

"ஒண்ணு பார்ப்பேன். பாத்துட்டு அணைப்பேன்."

"எனக்கும் காட்டுவீங்களா?"

அவர் சுடலைமுத்துவை ஒருமுறை பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து எதையோ திறந்தார். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் எழுந்தன. ஒரு வீட்டின் வரைபடம். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு.

"எங்க வீட்டுக்காரர் போட்டது. ஊர்ல எல்லாருக்கும் வீட்டுப் பிளான் போட்டுக் குடுப்பாங்க. எங்களுக்குன்னு கடைசியாத்தான் போட்டாங்க. போட்டு முடிச்ச வருஷமே போயிட்டாங்க."

திரையின் மூலையில் இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதம் தெரிந்தது. சுடலைமுத்து அதைக் காட்ட விரலை நீட்டினார். டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

"இந்த ஜன்னல் ஏன் கோடு போட்டு அழிச்சு, தள்ளிப் போட்டிருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

செண்பகவடிவின் முகம் மாறியது. "அடுப்புப் புகை நேரா உள்ளதான் வரும்னு சண்டை போட்டேன். மறுநாளே மாத்திட்டாங்க. நான் சொன்ன பக்கம்."

"இந்தப் பிளானைத் திறக்குற சாப்ட்வேர் எப்பவாச்சும் திறக்கமாட்டேன்னு சொல்லிச்சா?"

"சொல்லிச்சே. அவங்க போன கொஞ்ச நாள்ல, காலம் முடிஞ்சுட்டு, திரும்பப் பணம் கட்டுன்னு வந்துச்சு. அவ்வளவு பணத்துக்கு நான் எங்க போக? அவங்க கூட்டாளி ஒருத்தர்தான், தேதியைப் பின்னால வச்சா திறக்கும்னு சொல்லிக் குடுத்தாங்க." பேச்சு நின்றது. அவர் சுடலைமுத்துவைப் பார்த்தார். "முன்னால எல்லாம் சைட்டு எதுவும் பாக்கமாட்டேன். இந்த வேலையே இப்பத்தான் கிடைச்சுது. தேதியாலதான் சைட்டு வரலையா சார்?"

சுடலைமுத்து தலையசைத்தார்.

"நீங்க கேட்டப்ப, தப்பு பண்ணிட்டேனோன்னு பயம். அதான் தெரியாதுன்னேன்." அவர் கை மவுஸ் மேலேயே இருந்தது. "தேதியை மாத்தினா இது போயிருமே."

"மாத்துறதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு," என்றார் டீச்சர். "அண்ணே, நீங்க உக்காருங்க."

சுடலைமுத்து உட்கார்ந்தார். டீச்சர் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, வரைபடத்தை ஒவ்வொரு பக்கமாக பிடிஎஃப் ஆக்கினார். வீட்டின் தரை. முகப்பு. கிணற்றடி. ஜன்னல் இருந்த பக்கத்தை அவர் பெரிதாக்கிப் பார்த்து, கோடுகள் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று சரிபார்த்தார். அப்படிச் செய்ய யாரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தார்.

"இப்ப தேதியை நீங்களே மாத்துங்கம்மா," என்றார் டீச்சர்.

செண்பகவடிவு மாற்றினார். முதலில் அவர் கம்பெனி சைட்டைத் திறக்கவில்லை. புதிதாக எடுத்த வரைபடத்தைத்தான் திறந்தார்.

வீடு வந்தது. ஜன்னல் அவர் சொன்ன பக்கமே இருந்தது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இது எந்தத் தேதியிலயும் திறக்குமா?"

"திறக்கும். உங்க போன்லயும் திறக்கும்."

"கொத்தனார் கேட்டுக்கிட்டே இருக்காரு. பிளானைத் தாள்ல குடுத்தா வந்து அளந்து பாக்கேன்னு. இதைத் தாள்ல எடுக்க முடியுமா?"

"பஜார்ல எந்தக் கடையில குடுத்தாலும் எடுத்துத் தருவாங்க," என்றார் சுடலைமுத்து. "பெரிய தாள்ல எடுங்கம்மா. கொத்தனாருக்கு வாசிக்க லேசா இருக்கும்."

செண்பகவடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு கம்பெனி சைட்டைத் திறந்தார். உடனே வந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டைப் அடிக்கத் தொடங்கினார். விருந்தாளிகள் இருப்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவு வந்தது. எழுந்திருக்கப் போனவரை டீச்சர் கையமர்த்திவிட்டு வெளியே வந்தார்.

தெருவில் வெயில் ஏறியிருந்தது. சுடலைமுத்து வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் நினைச்சது சரிதானே டீச்சர். ஒவ்வொரு தடவையும் அவங்கதான் கெடுத்திருக்காங்க."

டீச்சர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க போனப்பல்லாம் தேதியைச் சரி பண்ணிட்டு வந்தீங்க அண்ணே. நீங்க வந்த பிறகு, ஒவ்வொரு தடவையும் அவங்க வீட்டைச் சரி பண்ணியிருக்காங்க."

சுடலைமுத்து சாவியைப் போட்டார். வண்டியைக் கிளப்பக் கொஞ்ச நேரம் ஆனது.