ஒரே ஒரு கதைக்கு இடம்

நாற்பது நாவல் எழுதிய இளவழகனாருக்குக் கதை பின்ன உதவும் மென்பொருள் மேல் திடீரென ஆசை வந்துவிட்டது. தனக்குத் தட்டச்சு செய்யும் ஜெசிந்தாவைப் பதிப்பாளர் முன்னாலேயே கூப்பிட்டார்.

"என் நாற்பது கதையையும் தாங்குற சாஃப்ட்வேரா பாத்து எடு. சின்னதெல்லாம் என் கற்பனைக்குத் தாங்காது. திங்கட்கிழமைக்குள்ள எல்லாத்தையும் ஏத்தலேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

ஜெசிந்தா எட்டு மென்பொருளை இறக்கிப் பார்த்தாள். எட்டாவதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை மடிக்கணினியோடு இருவர் முன்னாலும் துள்ளிக்கொண்டு போய் நின்றாள்.

"நாற்பதும் ஏறிடுச்சு சார். இலவசம்தான்."

பதிப்பாளர் திரையை எட்டிப் பார்த்தார். "ஒரே ஒரு கதைக்குத்தான் இடம்னு போட்டிருக்கேம்மா?"

"முதல் நாவலை ஏத்தினேன் சார். பணக்காரப் பெண், ஏழை டாக்டர், கடைசியில ரயில் நிலையத்துல மன்னிப்பு. மத்த முப்பத்தொன்பதுக்கும் பேரை மட்டும் மாத்தினேன்."

"அபாண்டம்" என்று இளவழகனார் எகிறினார்.

பதிப்பாளர் அலமாரியிலிருந்து ஒன்றை உருவிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். ரயில் நிலையம். இன்னொன்றை உருவினார். அதுவும் ரயில் நிலையம். மூன்றாவதை இளவழகனாரே பிடுங்கிப் புரட்டி நெஞ்சை நிமிர்த்தினார்.

"இதுல பஸ் ஸ்டாண்ட்."

"தெரியும் சார்" என்றாள் ஜெசிந்தா. "அதுக்கு மட்டும், 'அன்னைக்கு ரயில் ஓடலை'ன்னு ஒரு குறிப்பு போட்டிருக்கேன்."