பொம்மன் கரடியின் கோடை வீடு

மலையடிவாரக் காட்டில் பொம்மன் என்ற கரடி இருந்தது. கோடையில் சமவெளி காய்ந்துபோனால் முயல்களும் கௌதாரிகளும் அந்தக் காட்டுக்கு வந்து தங்கும். அவற்றுக்கு ஒரு கோடை வீடு கட்டினால் காடு முழுவதும் தன்னைப் புகழும் என்று பொம்மன் நினைத்தது.

முதலில் பாறைகளை அடுக்கிக் கட்டியது. வெயில் ஏறியதும் உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. பிறகு மரக்கிளைகளை முறித்துக் கட்டியது. இலைகள் வாடி உதிர்ந்ததும் வெயில் நேராக உள்ளே இறங்கியது.

களைத்துப்போன பொம்மன் பக்கத்திலிருந்த கறையான் புற்றில் மூக்கை வைத்தது. தின்னத்தான் போனது. ஆனால் புற்றிலிருந்து வந்த காற்று சில்லென்று மூக்கில் பட்டது!

"இந்த வெயிலில் உங்களுக்கு மட்டும் எப்படிக் குளிர்கிறது?" என்று கேட்டது.

புற்றுக்குள் இருந்து கறையான்களின் தலைவி செம்மாயி குரல் கொடுத்தது. "சொன்னால் எங்களைத் தின்னாமல் விடுவாயா?"

"இந்தப் புற்றில் என் நகம் படாது. சத்தியம்!"

"அப்படியானால் கேள். புற்றுக்கு அடியில் ஈர மண் இருக்கிறது. அங்கேயிருந்து சுரங்கம் வழியாகக் குளிர்ந்த காற்று வரும். சூடான காற்று உச்சித் துளை வழியாகப் போய்விடும். புற்றை ஒட்டியே உன் வீட்டைக் கட்டு. எங்கள் சுரங்கத்தை உன் வீடுவரை நீட்டித் தருகிறோம்."

பொம்மன் மண் சுமந்தது. கறையான்கள் அதை எச்சிலில் குழைத்துச் சுவர் எழுப்பி, கூரையில் ஓர் உச்சித் துளையும் விட்டன. ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை. கோடை பிறந்தபோது வீடு தயாராகிவிட்டது.

விருந்தாளிகள் வந்து குவிந்தார்கள். வெள்ளச்சி என்ற முயல் அங்கேயே மூன்று குட்டிகளை ஈன்றது. "கரடியண்ணா, இந்தக் குளிர்ச்சி இல்லையென்றால் என் பிள்ளைகள் பிழைத்திருக்காது!" என்றது. பொம்மன் பூரித்துப் போனது. கறையான்களைப் பற்றி அது யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு, பொம்மன் விரும்பித் தின்னும் பூக்களைத் தரும் இலுப்பை மரங்கள் சரியாகப் பூக்கவில்லை. பொம்மனுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. வீடு கட்டியதை ஒளிந்திருந்து பார்த்திருந்த நரி அதைக் கவனித்து மெல்ல அருகில் வந்தது.

"என்ன அண்ணே, சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறீர்களே!"

"சத்தியம் செய்திருக்கிறேன்."

"வீடுதான் முடிந்துவிட்டதே! இனிமேல் கறையான்கள் எதற்கு?"

நடுப்பகல். மற்ற விருந்தாளிகள் ஓடைக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்குள் வெள்ளச்சியும் குட்டிகளும் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தன. பொம்மன் இருபுறமும் பார்த்தது. பிறகு நகங்களைப் புற்றில் பாய்ச்சியது.

புற்று பிளந்தது. பொம்மன் ஆவலோடு நக்கியது. அடுத்த நொடி காலடியில் தரை சரிந்தது! சுரங்கம் இடிந்தது. அதோடு வீட்டின் முன்சுவரும் சாய்ந்து வாசலை மூடியது. உச்சித் துளையும் அடைபட்டது.

"கரடியண்ணா! இருட்டாக இருக்கிறது! குட்டிகளுக்கு மூச்சு முட்டுகிறது!" என்று உள்ளேயிருந்து வெள்ளச்சி அலறியது.

பொம்மன் பதறிப்போய்ச் சுவரை உடைக்கக் கையை ஓங்கியது.

"நிறுத்து!" உடைந்த மண்கட்டி மேல் செம்மாயி நின்றது. "நீ ஓர் அடி அடித்தால் கூரை முழுவதும் அவர்கள் மேல் விழும்!"

"பின்னே என்ன செய்வேன்?"

"சின்னதாகத் துளை போட எங்களால்தான் முடியும். எங்களில் பாதிப் பேர் உன் வயிற்றில் இருக்கிறார்கள்."

பொம்மன் தலையைத் தரையில் வைத்தது. "நான் செய்தது பாவம். குட்டிகளை மட்டும் காப்பாற்றுங்கள்!"

"உனக்காக வரவில்லை. உள்ளே இருப்பவர்கள் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. வெயில் பட்டால் நாங்கள் சுருண்டுவிடுவோம். நீ நிழலாக நில். அசையாதே!"

பொம்மன் சுவரின் மேல் படாமல் வளைந்து நின்றது. அதன் மூக்கின் கீழே ஆயிரக்கணக்கான கறையான்கள் வரிசை கட்டின. ஒவ்வொன்றும் ஒரு மண்துகளைக் கடித்து எடுத்தது. பசியில் பொம்மனின் வாயில் எச்சில் ஊறியது. அது பல்லைக் கடித்துக்கொண்டது.

"விருந்து வாய்க்கே வருகிறதே அண்ணே! நக்குங்கள்!" என்றது நரி.

பொம்மன் வாயைத் திறக்கவில்லை. உள்ளே வெள்ளச்சியின் குரலும் நின்றுவிட்டது.

"வெள்ளச்சி! பேசு!" என்று செம்மாயி கத்தியது. கறையான்கள் இன்னும் வேகமாகக் கடித்தன.

திடீரென்று சுவரில் கண் அளவுக்கு ஒரு துளை திறந்தது. காற்று உள்ளே பாய்ந்தது. பிறகு உள்ளேயிருந்து ஓர் இருமல்! வெள்ளச்சி மெதுவாகச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கியது. முதல் குட்டியின் மூக்கு வெளியே வந்தது.

அதற்காகத்தான் நரி காத்திருந்தது. பதுங்கிப் பாய்ந்தது! பொம்மன் நிழலை விலக்காமல் பின்னங்காலால் ஓங்கி ஓர் உதை விட்டது. நரி முள்புதரில் போய் விழுந்து, ஊளையிட்டபடி ஓடியது.

மூன்று குட்டிகளும் உயிரோடு வந்தன. வெள்ளச்சி அவற்றை அணைத்துக்கொண்டு கறையான்களைக் கும்பிட்டது. கரடியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"செம்மாயி, புற்றை மறுபடி கட்டிக்கொள்ளுங்கள். மண் நான் சுமக்கிறேன்," என்றது பொம்மன்.

"இங்கே இனி எங்கள் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது," என்றது செம்மாயி.

எஞ்சிய கறையான்கள் தங்கள் தலைவி செம்மாயியோடு மண்ணுக்கடியில் வேறு இடம் போய்விட்டன. பொம்மன் சுவரைச் செப்பனிட்டது, வாசலைத் திறந்தது, துளைகளும் போட்டது. ஆனாலும் ஈர மண்ணிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் சுரங்கம் இல்லாமல் உள்ளே அனல்தான் அடித்தது. அடுத்த கோடையில் ஒரு கௌதாரிகூட அங்கே தங்கவில்லை.

இயற்கையிடம் கற்றுக்கொண்டு வீடு கட்டுகிறவர், கற்றுக்கொடுத்த உயிர்களை அழித்தால் அந்த வீட்டையே அழிக்கிறார்.