மீனில்லாத வயலுக்குக் காவல்

ஒரு ஊர்ல ஒரு காத்தலிங்கம், அவன் பொண்டாட்டி தைலம்மை. காலை ஆட்டாம படு, அப்பத்தான் அத்தை சொல்லுவேன். ம் கொட்டணும், என்ன?

ம்.

தைலம்மை நெல்லு வயல்ல மீன்குஞ்சு விட்டிருந்தா. ஆமாண்டி, வயல்லயேதான். ஓரமா ஒரு பள்ளம் வெட்டி விட்டிருந்தா, குஞ்சுங்க பயிருக்குள்ள சளக் புளக்னு ஓடுச்சு. பூச்சியைத் திங்கும், களையைக் கடிக்கும், அது போடுற எச்சமே பயிருக்கு உரம். காலையில ஒரு கயித்தைப் பயிர் மேல சர்ர்ர்னு இழுப்பா. பூச்சியெல்லாம் பொலபொலன்னு தண்ணியில விழும், மீன் வந்து லபக்குனு முழுங்கிடும். கேக்குறியா?

ம்.

அப்புறம் தங்கச்சிக்குப் பிரசவம்னு தைலம்மை அம்மா ஊருக்குப் போனா. கயிறு மட்டும் இழுய்யா, மருந்து கிருந்து அடிச்சுடாதன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுத்தான் போனா. இந்த மகராசன் இழுத்தானா? சோம்பேறி. பூச்சி ஏறிடுச்சு. பக்கத்து வயக்காரன் பாத்து சிரிச்சான். இவனுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்து, புஸ்ஸு புஸ்ஸுன்னு மருந்தடிச்சுட்டான். சாயங்காலம் போய்ப் பாத்தா அத்தனை மீனும் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது.

அப்போ என்ன பண்ணான்? கூடையில வாரி வாழைக்கொல்லையில புதைச்சான். அவ வந்ததும், கொக்கு வந்து முக்காவாசியைத் தின்னுடுச்சுன்னு கூசாம சொன்னான்.

அவ பாவம், நம்பிட்டா. மிச்சத்தையாவது காப்பாத்தணும்னு ஒரு தட்டை எடுத்துக்கிட்டு வரப்புல போய் உக்காந்துட்டா. டங் டங் டங்! ஏய், ஓடுன்னு கத்துவா. ஒத்தை மீன் கிடையாது அந்த வயல்ல. பாக்கப் பாக்க அவனுக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு.

சொல்லிடலாம்னு கஞ்சி கொண்டு போனான், நாக்கு எழலை. அப்புறம் தொண்டை கட்டி அவ இருமினப்போ வாயைத் தெறந்தான், வெயில் ஜாஸ்தின்னு ஒளறிட்டு வந்துட்டான். மூணாவது தடவை அவளே பேசுனா.

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போனது என் தப்புய்யா."

அதுக்கு மேல அவனால முடியலை. கூனிக் குறுகி, எல்லாத்தையும் சொல்லிட்டான்.

தைலம்மை தட்டைக் கீழ வச்சா. திட்டலை. மீனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை.

"நான் இங்க உக்காந்து கத்துனதை நீ பாத்துக்கிட்டேவா இருந்த?"

பாத்துக்கிட்டுத்தானே இருந்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். அவ எழுந்து முன்னால நடந்துட்டா.

என்னடி, ம் காணோம்? சரி, இந்தக் கதைக்கு இவ்வளவுதான் நீளம். கண்ணை மூடு.